அறுவைச் சிகிச்சைக்குப் பின் குதிரையின் நடமாட்டம்

அறுவைச் சிகிச்சை முடிந்த குதிரையை மருத்துவமனையிலிருந்து அனுப்பும்போது, "இதற்கு ஓய்வு கொடுங்கள்" என்று மருத்துவர் கூறுவது வழக்கம். இச்சொல்லைக் குதிரைக்காரர்கள் இரு வகையாகப் பொருள் கொள்கின்றனர். சிலர் குதிரையை ஒரு மூலையில் கட்டிவைத்து, வாரக்கணக்கில் அசையவிடாமற் காக்கின்றனர். வேறு சிலர், மேல்தோல் மூடித் தையல் பிரித்ததும் குணமாகிவிட்டதென எண்ணி அதனை மேய்ச்சலுக்கு அவிழ்த்துவிடுகின்றனர், வண்டியிலும் பூட்டிவிடுகின்றனர். இவ்விரு வழிகளிலும் குதிரைகள் மாண்டிருக்கின்றன. மருத்துவர் ஓய்வு என்று குறிப்பது அளந்து கொடுக்கப்படும் நடமாட்டத்தையே. மருந்துக்கு உள்ளதுபோலவே இதற்கும் அளவும் வேளையும் உண்டு. எந்த உறுப்பில் கத்தி பட்டதோ அதற்கேற்ப அந்த அளவு மாறும்.

2019ஆம் ஆண்டின் கால்நடைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் குதிரைகளும் மட்டக்குதிரைகளும் சேர்ந்து ஏறக்குறைய 3 இலட்சத்து 40 ஆயிரம் இருந்தன. 2012இல் இத்தொகை 6 இலட்சத்துக்கு மேற்பட்டிருந்தது. எஞ்சியிருப்பவற்றுள் இராணுவத்தையும் பந்தயத்தையும் சேர்ந்தவை சிறுபகுதியே. வண்டி இழுப்பவை, செங்கற் சூளைகளில் உழைப்பவை, கேதாரநாத், வைஷ்ணோதேவி போன்ற மலைத்தலங்களில் யாத்திரிகரைச் சுமப்பவை முதலியனவே பெரும்பகுதி. இத்தகைய குதிரை ஒன்று மூன்று மாதம் சும்மா நிற்குமானால், அதன் சொந்தக்காரருக்கு வருமானம் நின்றுபோகிறது. தீனிச் செலவு மட்டும் நிற்பதில்லை. ஆகவே வெறும் கட்டளையால் அவர் இணங்கமாட்டார். காரணம் விளங்கினால் பெரும்பாலோர் இணங்குவர். அக்காரணத்தை விளக்கிக் கூறும் பொறுப்பு கிராம ஊழியரையும், ஊர்ப் பள்ளி ஆசிரியரையுமே பெரிதும் சார்ந்திருக்கிறது.

அசையாமையின் தீங்கு

குதிரை இயற்கையில் மெதுவாக நடந்துகொண்டே, நாளின் பெரும்பகுதியும் மேயும் பிராணி. அதன் இரைப்பை உடலைப் பார்க்கச் சிறியது. குருட்டுக்குடலும் பெருங்குடலுமோ மிகப் பெரியவை. நல்ல வளர்ச்சியுற்ற குதிரையில் இவையிரண்டும் சேர்ந்து நூறு லிட்டருக்கு மேற் கொள்ளும். பெருங்குடல் மடிந்து மடிந்து கிடப்பது; ஒரு மடிப்பில் சடுதியாகக் குறுகுவது. உலர்ந்த தீவனம் அவ்விடத்தில் அடைத்துக்கொண்டால் சூலைநோய் உண்டாகிறது. குதிரையால் வாந்தி எடுக்கவும் முடியாது என்பதை நினைவிற் கொள்ளவேண்டும். நடையும் மேய்ச்சலும் குடலின் இயக்கத்தைத் தூண்டுகின்றன. நாள்தோறும் உழைத்த குதிரையைத் திடீரென அடைத்துவைத்து, அதே வைக்கோலை அதே அளவிற் போட்டால், குடல் மந்தமடைந்து அடைப்பு ஏற்படுகிறது. காலில் அறுவை செய்யப்பட்ட குதிரை, கால் தேறிவருகையில் வயிற்றால் மாண்டுபோவது இப்படித்தான்.

இரண்டாவது தீங்கு குளம்பில் நிகழ்வது. குளம்பினுள் இருக்கும் எலும்பு, ஏடு ஏடான மெல்லிய திசுக்களால் குளம்புச் சுவரோடு பிணைக்கப்பட்டுத் தொங்குகிறது. கால் தரையில் ஊன்றுவதும் தூக்குவதுமாக இருக்கும்போதுதான் அத்திசுக்களில் இரத்தம் செவ்வனே ஓடுகிறது. ஒரு கால் நோவதால் குதிரை தன் பாரத்தை இடைவிடாமல் எதிர்க்காலின்மேல் போட்டு நிற்குமானால், அந்த நல்ல காலின் குளம்பு அழற்சியுறும். அமெரிக்காவின் புகழ்பெற்ற பந்தயக் குதிரை பார்பரோ 2006 மே 20ஆம் நாள் ஓட்டத்தில் வலப் பின்னங்கால் முறிந்தது. பென்சில்வேனியாப் பல்கலைக்கழக மருத்துவமனையில் அறுவை செய்து எலும்புகளைப் பொருத்தினர். எலும்பு பெரும்பாலும் கூடிற்று. ஆயினும் அவ்வாண்டு ஜூலையில் இடப் பின்னங்காலில் குளம்பழற்சி கண்டது. பின்னர் முன்னங்கால்களுக்கும் பரவிற்று. 2007 ஜனவரி 29ஆம் நாள் அக்குதிரையை வலியின்றி மாய்த்துவிட நேர்ந்தது. உயர்ந்த வசதிகள் யாவும் இருந்த இடத்திலேயே இவ்வாறெனில், கிராமத்தில் இதன்பால் எத்துணை எச்சரிக்கை வேண்டுமென்பது சொல்லாமலே விளங்கும். அறுவை நடந்த காலைப் பார்ப்பவர், ஒவ்வொரு நாளும் மற்ற மூன்று கால்களையும் தொட்டுப் பார்த்தல் வேண்டும். குளம்பு வழக்கத்தைவிடச் சூடாயிருப்பதும், அதற்குச் சற்று மேலே காலின் பக்கங்களில் நாடி பலமாகத் துடிப்பதும் முதல் அறிகுறிகள். பாரத்தை அடிக்கடி மாற்றிக்கொண்டு நின்ற குதிரை அப்படிச் செய்வதை நிறுத்திவிட்டாலும் அஞ்சவேண்டும்.

இவையன்றி, கட்டிவைத்த குதிரையின் கால்கள் கணுவைச் சுற்றித் தண்ணீர் கோத்ததுபோல் வீங்குவதுண்டு. நாலு கால்களிலும், அல்லது இரு பின்னங்கால்களிலும் ஒரே அளவாக இருந்து, சிறிது நடத்தியவுடன் வடிந்துவிடுமாயின் அதனால் அபாயமில்லை. ஒரு காலில் மட்டும் சூட்டோடும் வலியோடும் காணும் வீக்கம் வேறு வகையைச் சேர்ந்தது. அதற்கு மருத்துவரை அழைத்தல் வேண்டும்.

கட்டவிழ்த்தலின் தீங்கு

இதன் மறுபக்கத்தைச் சிறு கணக்கொன்றினால் மாணவர்களுக்கும் விளக்கலாம். நிற்கும் குதிரையின் எடையில் ஏறக்குறைய நூற்றுக்கு அறுபது பங்கை முன்னங்கால்கள் இரண்டும் தாங்குகின்றன. 400 கிலோகிராம் எடையுள்ள குதிரையில் இது ஒரு காலுக்கு 120 கிலோகிராம் ஆகும். அதே குதிரை நாலுகாற் பாய்ச்சலில் ஓடும்போது, ஒரு முன்னங்கால் தரையைத் தொடும் கணத்தில் அதன்மேல் விழும் விசை உடல் எடையைப்போல் இரண்டரை மடங்கு வரை உயர்கிறது. அதாவது 1000 கிலோகிராம். முழங்காலுக்குக் கீழே குதிரைக்குத் தசை ஏறக்குறைய இல்லை. எலும்பும், தசைநாணும், தோலுமே இச்சுமையை ஏற்கவேண்டும். ஆரோக்கியமான தசைநாணே முழுவேகத்தில் அறுந்துபோகும் எல்லைக்கு அருகில் இழுபடுகிறது என்று ஆராய்ச்சியாளர் கண்டுள்ளனர். அறுவைக்குப்பின் தழைத்துவரும் இளந்திசு அதனைத் தாங்குமாறில்லை. பல வாரங்கள் அடைபட்ட குதிரை திறந்த வெளியைக் கண்டதும் துள்ளி, உதைத்து, பாய்ந்தோடுவது அதன் இயல்பு. மூன்று மாதத்துக் கவனிப்பை அரை நிமிஷத்து ஓட்டம் அழித்துவிடும்.

அறிவுரை கூறி நிறுத்தக்கூடிய பிராணியன்று குதிரை. 1975 ஜூலை 6ஆம் நாள் நியூயார்க்கின் பெல்மாண்ட் மைதானத்தில் கால் முறிந்த ரஃபியன் என்னும் பெண் குதிரை, அறுவை முடிந்து மயக்கம் தெளிகையில், இன்னும் ஓட்டத்தில் இருப்பதுபோற் கால்களை வீசி அடித்துக் கட்டை உடைத்துக்கொண்டது. மறுநாள் விடியுமுன் அதனை மாய்க்க நேர்ந்தது. இத்தகைய விபத்தைத் தடுக்கவே, மயக்கம் தெளியும் குதிரையைத் தெப்பத்தில் ஏந்தி நீர்த்தொட்டியில் மிதக்கவிடும் முறை பின்னர் கையாளப்பட்டது. பார்பரோவும் அவ்வாறே விழித்தெழுந்தது.

எந்த அறுவைக்கு எவ்வளவு

சூலைநோய்க்காக வயிற்றைத் திறந்த குதிரையை முதலிற் கொள்வோம். அடிவயிற்றின் நடுவே நீளவாக்கில் ஓடும் வெண்ணிறப் பட்டையைக் கீறித்தான் மருத்துவர் உள்ளே செல்கிறார். குடலின் முழுப்பாரமும் அத்தையலின்மேல் அமர்ந்திருக்கிறது. தொடக்க நாட்களில் தையல் நூல் ஒன்றே அதனைத் தாங்குகிறது. பட்டை தன் பழைய வலிமையைப் பெற ஏறக்குறைய எட்டு வாரம் செல்லும். இதற்குள் குதிரை துள்ளினால், தோல் மூடியிருந்தாலும் உட்பட்டை பிரிந்து, குடல் தோலடியில் இறங்கிவிடும். எனவே முதல் நான்கு வாரம் லாயத்திலேயே வைத்து, நாள்தோறும் கையிற் பிடித்து நடத்திப் பசும்புல் மேயவிடுவர். அடுத்த நான்கு வாரம் சிறு அடைப்பில் விடுவர். அதற்கடுத்த நான்கு வாரம் சற்றே பெரிய வெளி. வேலை அதன்பிறகே. காயத்தில் சீழ் கண்டிருந்தால் இக்கணக்கு மேலும் நீளும்.

காயடித்தல் இதற்கு நேர்மாறானது. கிராமங்களில் அதிகமாகத் தவறு நிகழ்வதும் இதில்தான். இங்கே காயத்தைத் தைத்து மூடாமல், நீர் வடியும்படி திறந்துவிடுவதே பெரும்பாலும் வழக்கம். முதல் நாள் இரத்தம் பெருகாதிருக்க அமைதியாக நிறுத்தவேண்டும். மறுநாள் தொடங்கி, காலையும் மாலையும் பதினைந்து இருபது நிமிஷம் விரைவாக நடத்தியும் துள்ளுநடையில் ஓட்டியும் வரவேண்டும். அவ்வாறின்றிக் கட்டிவைத்தால் காயத்தின் வாய் ஒட்டிக்கொண்டு, நீர் உள்ளே தங்கி, பையும் உறையும் பெரிதாக வீங்கிச் சீழ் பிடிக்கும். இரக்கத்தினால் அசையவிடாமல் வைப்பவரே இங்கே தீங்கு செய்பவராகிறார். காயத்தின் வழியே குடலோ, குடலைப் போர்த்தியுள்ள கொழுப்புச் சவ்வோ தொங்கக் கண்டால் மட்டும் குதிரையை ஓரடியும் நடத்தலாகாது. சுத்தமான துணியை, கொதித்தாறிய உப்புநீரில் நனைத்து ஏந்திக் கட்டி, அக்கணமே மருத்துவரை வரவழைக்க வேண்டும்.

எலும்பு முறிவுக்கும் தசைநாணுக்கும் பொறுமை அதிகம் வேண்டும். எலும்பு கூடுவதற்கு இரண்டு மூன்று மாதம் ஆகும். தசைநாணோ ஒன்பது மாதம் முதல் ஓராண்டு வரை எடுத்துக்கொள்ளும். அதிலும் தழைத்த திசு பழைய நாணைப்போல் நெகிழ்ந்து கொடுப்பதில்லை. ஆனால் மெல்ல நடத்தி வந்தால் அதன் இழைகள் இழுவிசையின் திசையில் ஒழுங்காக அமைகின்றன. நடத்தாமலே விட்டால் தாறுமாறாக அமைகின்றன. இக்காரணத்தால், தசைநாண் அறுவை செய்த குதிரைக்குக் கையிற் பிடித்த நடை சீக்கிரமும், தானாகத் திரியும் உரிமை வெகு தாமதமாகவும் கொடுக்கப்படுகின்றன.

கட்டும் இடமும் நடத்தும் முறையும்

நூல்களில் பன்னிரண்டடிச் சதுரமான லாய அறை கூறப்பட்டிருக்கும். நம் நாட்டுக் குதிரைக்காரர் பெரும்பாலோர்க்கு அறையே இல்லை. மரத்தடியில், கழுத்துக் கயிற்றாலும் பின்கால் கயிற்றாலும் கட்டுவர். வடநாட்டில் அவற்றை அகாடி, பிச்சாடி என்பர். பின்காலைப் பிணைப்பது தேறிவரும் குதிரைக்கு ஏற்றதன்று. அது வழுக்கினாலும் எழுந்திருக்க முயன்றாலும் கயிறு காலைப் பறிக்கும். வயிற்றுத் தையலையும் இழுக்கும். மூங்கிற் கழிகளை இரண்டு மூன்று வரிசையாக, குதிரையின் மார்பளவுக்குக் குறையாத உயரத்தில் கட்டி, ஒரு கூரையின் கீழ் அடைப்பு அமைத்துவிட்டால் கயிறே வேண்டுவதில்லை. முள்வேலிக் கம்பியை எக்காரணத்தாலும் உபயோகிக்கலாகாது. தரை உலர்ந்தும் வழுக்காமலும் இருத்தல் வேண்டும். சிமெண்டுத் தரையாயின் வைக்கோல் தடிப்பாகப் பரப்பவேண்டும். மற்றொரு குதிரை கண்ணுக்குத் தெரியுமாறு நிற்பது நலம். குதிரை கிடைக்காவிடில் ஆடும் துணையாகும்; பந்தய லாயங்களில் இது பழைய வழக்கம். தனிமையில் அடைபட்ட குதிரை மரத்தைக் கடித்துக் காற்றை விழுங்கவும், தலையை இருபுறமும் ஆட்டிக்கொண்டே நிற்கவும் பழகிவிடுகிறது; பழகினால் மறப்பது அரிது.

நடையை நாளைக்கு இருவேளை, ஐந்து முதல் பத்து நிமிஷத்தில் தொடங்கி, வாரத்துக்கு ஐந்து நிமிஷமாகக் கூட்டிவருவது பொதுவான அளவு. மருத்துவர் வேறு அளவு சொல்லியிருந்தால் அதுவே பிரமாணம். தலைக்கயிறு மட்டும் போதாது, கடிவாளமும் மாட்டவேண்டும். பிடிப்பவர் குதிரையின் தோளருகே நடக்கவேண்டும். முன்னால் இழுத்துச் செல்வதும், கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்வதும் ஆபத்தானவை. ஆழ்ந்த மணலும் சேறும் தசைநாணுக்கு ஆகா. வெயிற் காலத்தில் விடியற்காலையும் அந்திப்பொழுதும் ஏற்றவை. காயம் ஆறாதிருக்கையில் பகலில் வெளியே கொண்டுவந்தால் ஈ மொய்த்துப் புழு வைத்துவிடும்.

சிறு அடைப்பில் முதன்முறையாக அவிழ்த்துவிடும் நாளே மிகக் கடுமையான நாள். அடைப்பு, குதிரை நடந்து திரும்ப இடமளிக்க வேண்டும், பாய இடமளிக்கலாகாது. ஐந்தாறு மீட்டர்ச் சதுரம் முதல்முறைக்குப் போதும். காற்றுப் பலமாக வீசும் நாளையும், மேளதாளத்தோடு ஊர்வலம் வரும் நாளையும் தவிர்க்கவேண்டும். முன்னதாக வழக்கமான நடையை முடித்து, சற்றே பசியோடு கொண்டுவந்து, உள்ளே பசும்புல்லைப் போட்டுவைத்தால் பெரும்பாலான குதிரைகள் தலையைத் தாழ்த்தித் தின்னத் தொடங்கிவிடும். பத்துப் பதினைந்து நிமிஷத்தில் திரும்பப் பிடித்துவிட வேண்டும். நாளுக்கு நாள் நேரத்தைக் கூட்டலாம். முரட்டுக் குதிரைக்கு மருத்துவர் அசிப்ரோமசின் போன்ற அமைதி மருந்தை எழுதிக் கொடுப்பதுண்டு. அதனைத் தாமாக வாங்கிக் கொடுத்தல் கூடாது. பொலிக்குதிரைகளில் அரிதாக ஆண்குறி வெளித்தள்ளி மீளாதுபோகும் கேடு அதற்குண்டு.

தீனியும் தண்ணீரும்

வேலை நின்ற அன்றே தானியத்தைக் குறைக்கவேண்டும். தென்னாட்டில் கொள்ளு, வடநாட்டில் கொண்டைக்கடலையும் பார்லியும், எதுவாயினும் இவ்விதி ஒன்றே. வண்டிக் குதிரைகள் ஞாயிறன்று முழுத்தீனி தின்று சும்மா நின்று, மறுநாள் பூட்டியவுடன் தொடைத்தசைகள் விறைத்து, வியர்த்து, காப்பிநிறச் சிறுநீர் கழித்து நிற்பதை ஐரோப்பியர் பழைய நாளிலேயே கண்டு, அதற்குத் திங்கட்கிழமை நோய் என்று பெயரிட்டனர். ஓய்விலிருக்கும் குதிரைக்கு இதே அபாயம் உண்டு. உடம்பு தேறவேண்டுமென்று தானியத்தை அள்ளிவைக்கும் அன்பு இங்கே பகையாகிறது. நார்த்தீவனமே பிரதானம். உலர்நிலையில் உடல் எடையில் நூற்றுக்கு ஒன்றரை முதல் இரண்டு பங்கு, அதாவது 300 கிலோகிராம் குதிரைக்கு நாலரை முதல் ஆறு கிலோகிராம், பல வேளையாகப் பிரித்துக் கொடுக்கவேண்டும். வெறும் கோதுமை வைக்கோல் அடைப்பை உண்டாக்கும். பசும்புல்லும் சிறிது குதிரைமசாலும் கலந்தால் குடல் இளகும். வயிற்று அறுவை செய்த குதிரைக்கோ தீனியை மருத்துவர் சொன்ன வரிசைப்படியே கூட்டிவர வேண்டும். தண்ணீர் எப்போதும் எட்டும் இடத்தில் இருக்கவேண்டும். ஓய்விலுள்ள குதிரையும் நாளொன்றுக்கு 25 லிட்டருக்குக் குறையாமற் குடிக்கும். கோடையில் மிக அதிகம். தொட்டியில் வைத்து மறப்பதைவிட வாளியால் அளந்து வைப்பது மேல், குடிப்பது குறைந்தால் அன்றே தெரியும்.

இராஜஸ்தானம் போன்ற மணற்பாங்கான இடங்களில் தீவனத்தைத் தரையிற் போட்டால் மணலும் சேர்ந்து உள்ளே போய்க் குடலில் படியும். தொட்டியிலோ விரிப்பின்மேலோ போடுதல் வேண்டும். ஐயமிருந்தால் தரையிற் படாத சாணம் ஐந்தாறு உருண்டைகளைக் கண்ணாடிப் பாத்திரத்து நீரில் கரைத்துச் சற்றே விட்டுவைக்கலாம். மணல் அடியில் தங்குவதைப் பள்ளிப் பிள்ளைகளும் காணலாம்.

நாள்தோறும் குறிக்கவேண்டியவை

சுவரில் ஒரு தாளை ஒட்டி, நடந்த நிமிஷங்கள், குடித்த வாளிகள், சாணமிட்ட தடவைகள், வெப்பநிலை ஆகியவற்றை எழுதிவரச் செய்தல் கள ஊழியரின் கடமை. எழுதத் தெரியாத குதிரைக்காரர் வீட்டில் படிக்கும் பிள்ளை இருக்கும். வெப்பநிலை சென்டிகிரேடில் 37.5 முதல் 38.5 வரை இயல்பு. நாடி நிமிஷத்துக்கு 28 முதல் 44 வரை. நலமான குதிரை நாளொன்றுக்கு எட்டு முதல் பன்னிரண்டு தடவை சாணமிடும். சாணம் குறைந்து, உலர்ந்து, குதிரை தன் விலாவைத் திரும்பிப் பார்த்தால் மாலைவரை காத்திருக்கலாகாது. நோவு தணிக்கும் மருந்து கொடுத்த நாளில் நொண்டல் தெரியாமற்போகும். அந்நாளின் நடையைக் கண்டு அளவைக் கூட்டிவிடக் கூடாது. டெட்டனஸ் என்னும் இரணஜன்னிக்குக் குதிரையைப்போல் எளிதில் இரையாகும் பிராணி வேறில்லை. தடுப்பூசி போட்ட தேதியும் அதே தாளில் இருத்தல் வேண்டும்.

காலம் முடியுமுன் குதிரையைப் பூட்டவேண்டிய நெருக்கடி வருமானால், 1960ஆம் ஆண்டின் பிராணிவதைத் தடுப்புச் சட்டம் புண்பட்ட, தகுதியற்ற பிராணியை வேலை வாங்குவதைக் குற்றமாக்கியிருக்கிறது என்பதைச் சொந்தக்காரருக்குச் சொல்லலாம். சட்டத்தைச் சொல்வதைவிட, இரண்டாம் முறை பிரிந்த வயிற்றுத் தையல் முதல் முறையினும் அரிதாகவே கூடும் என்பதைச் சொல்வது அதிகம் பயன்படும். வேலைக்குத் திரும்பும் வாரத்தில் முதலில் வெறுவண்டி, சமதரை, அரைமணி நேரம். லாடத்தை அதற்கு முன்னரே கழற்றிப் பார்த்து, நீண்டு வளர்ந்த குளம்பைச் சீவி, புதிதாக அடித்திருக்க வேண்டும்.